பீப் அடிப்பதெல்லாம் பொன்னா? டிடெக்டர் எடுத்துக் கடற்கரைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

மெட்டல் டிடெக்டர் வாங்கிய கையோடு எல்லோரும் செய்கிற தவறு, திரையில் வரும் எண்ணை அப்படியே நம்புவது. இந்த எண் வந்தால் தங்கம், அந்த எண் வந்தால் வெள்ளி, மீதியெல்லாம் குப்பை என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு நம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைகளான சங்குத்துறைக்கோ சொத்தவிளைக்கோ கிளம்பிவிடுகிறார்கள்.

அந்த மிஷினுக்குத் தங்கமும் தெரியாது, தகரமும் தெரியாது. மிஷினின் அடியில் இருக்கும் வட்டத் தட்டான காயிலிலிருந்து ஒரு காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்குகிறது, அது பட்ட உலோகத்தில் சின்னதாக ஒரு மின்சாரம் சுழல்கிறது, அந்தச் சுழற்சி திருப்பி அனுப்புவதைத்தான் மிஷின் கேட்கிறது. மின்சாரம் அதில் எவ்வளவு எளிதாக ஓடுகிறது, பொருள் எவ்வளவு பெரிது, எத்தனை தடிமன், படுத்துக் கிடக்கிறதா குத்திட்டு நிற்கிறதா, இதெல்லாம் கலந்து வருவதுதான் அந்த எண். அதனால் ஒரு சாதாரண தங்க மோதிரமும், கூல்டிரிங்க்ஸ் கேனைத் திறக்கும் அலுமினிய வளையமும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். வலையில் கட்டுகிற ஈயமும் அந்தப் பக்கம்தான். தோண்டாமல் பிரிக்க வழியே கிடையாது. "வளையம் வருகிற எண் எல்லாம் எனக்கு வேண்டாம்" என்று ஒதுக்குகிறவர், மோதிரத்தையும் சேர்த்துத்தான் ஒதுக்குகிறார்.

இதில் இன்னொரு கூத்து, அமெரிக்க வீடியோ பார்த்துப் பழகுவது. அங்கே இப்போது புழங்கும் பத்து சென்ட், இருபத்தைந்து சென்ட் காசுகளுக்கு உள்ளே செம்பு, அதனால் அவை மேலே, அதாவது பெரிய எண்ணில், தெளிவாகப் பேசும். நம்மூரில் 1990-களிலிருந்து வந்த ஒரு ரூபாய் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு, அதில் 83 விழுக்காடு இரும்பு, 17 விழுக்காடு குரோமியம். காந்தத்தில் ஒட்டும். டிடெக்டரில் இரும்பா நல்லதா என்று தெரியாமல் எண் தாவிக்கொண்டே இருக்கும். அதற்கு முந்தைய சதுர ஐந்து பைசா, விளிம்பு நெளிந்த பத்து பைசா எல்லாம் அலுமினியம், அவற்றின் எண் வேறு. திரிவேணி சங்கமத்தில் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வருகிற கூட்டம் கடலில் போடுகிற காசை அமெரிக்க எண்ணை வைத்துத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? வீட்டிலேயே ஒரு மரப்பலகையில் ஒரு ரூபாய், பழைய அலுமினியக் காசு, வெள்ளி மெட்டி, தங்க மோதிரம், கேன் வளையம், சோடா மூடி, ஈயக்குண்டு எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, உங்கள் மிஷின் ஒவ்வொன்றுக்கும் என்ன சொல்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவின் மோதிரத்தைக் கேட்டு வாங்குவதுதான் அதில் கொஞ்சம் கஷ்டம்.

அடுத்தது, காந்தத்தில் ஒட்டினால் குப்பை என்ற முடிவு. மேலே சொன்ன ஒரு ரூபாய் ஒட்டும். சுதந்திரம் வந்த சமயத்தில் அடித்த ரூபாய்களும் ஒட்டும், அவை நிக்கல். ஆணியும் கம்பியும் தொல்லை என்று இரும்புக்குச் சத்தமே வராதபடி மிஷினில் முழுசாக அடைத்துவிட்டு நடந்தால், காசு மட்டும் போவதில்லை, ஒரு துருப்பிடித்த ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் மோதிரமும் அந்த அடைப்புக்குள் அமுங்கிப் போகும். கொஞ்சம் இரும்பு கேட்கட்டும் என்று விட்டுவிட்டு, காதால் பிரிக்கப் பழகுவதுதான் சரி.

எப்படிப் பிரிப்பது? சோடா மூடியை எடுத்துக்கொள்ளுங்கள், நம் கடற்கரைகளில் அதற்குப் பஞ்சமில்லை. தட்டையான வட்டம் என்பதால் நேராக மேலே வரும்போது நல்ல எண் காட்டி ஆசை காட்டும். அப்படியே நின்று, தொண்ணூறு டிகிரி திரும்பி, குறுக்காக ஒரு முறை வீசிப் பாருங்கள். காசோ மோதிரமோ பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே எண்ணைச் சொல்லும், மூடியும் வளைந்த ஆணியும் தாவும். காயிலின் நடுவை விட்டு விளிம்பை மட்டும் அதன்மேல் கொண்டுபோனால் மூடி உர்ரென்று இரும்புச் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். அப்புறம் காயிலை மெதுவாக ஒரு சாண் தூக்குங்கள், சின்னப் பொருளென்றால் சத்தம் சட்டென்று தேயும், நசுங்கிய பீர் கேன் என்றால் தூக்கத் தூக்கக் கத்திக்கொண்டே இருக்கும். இதெல்லாம் யூகம்தான், தீர்ப்பு இல்லை. ஆரம்பத்தில் சில மாதங்களுக்காவது எல்லாவற்றையும் தோண்டுங்கள். ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்குப் போடும் அளவுக்குத் தகரம் சேரும், சேரட்டும், காது அப்படித்தான் பழகும்.

சங்கிலி விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு பவுன் சங்கிலி என்றால் மிஷின் அலறும் என்று நினைக்கிறோம். அது ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது, கண்ணியோ குட்டியூண்டு, ஆகவே மாத்திரை அட்டை ஃபாயில் மாதிரி லேசாகக் கிசுகிசுக்கும், சில சமயம் கொக்கி மட்டும் கேட்கும். கொலுசும் அப்படித்தான், வெள்ளிக்குரிய உயரத்துக்கு வராது. மாறாக கவரிங் நகை கம்பீரமாக மேலே பேசும், உள்ளே இருப்பது செம்பும் பித்தளையும்தானே. ஆக, சத்தம் நன்றாக இருந்தால் நகை நன்றாக இருக்கும் என்பது நம்மூரில் ரொம்பத் தப்பான கணக்கு.

கையில் வந்த பிறகு பிரிப்பதற்கு உரைகல் தேவையில்லை. நகைத் தராசு ஒன்று இருந்தால் போதும். மோதிரத்தை எடை போடுங்கள், பிறகு நூலில் கட்டி, தராசின் மேல் வைத்த தண்ணீர்க் குவளைக்குள் அடி தொடாமல் தொங்கவிடுங்கள், குவளையின் எடை எவ்வளவு கூடுகிறதோ அதுதான் அது விலக்கிய தண்ணீர். 22 காரட்டில் ஒரு பவுன், அதாவது 8 கிராம் என்றால், சுமார் 0.45 கிராம்தான் கூடும். அதே 8 கிராம் பித்தளை கிட்டத்தட்ட 0.94 கூட்டும். இரண்டு மடங்கு வித்தியாசம், தவற வாய்ப்பில்லை. கல் பதித்ததற்கும் உள்ளே பொள்ளலானதற்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது.

இனி மண். மணவாளக்குறிச்சி, சின்னவிளைப் பக்கம் மணல் கறுப்பாக வரி வரியாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், மோனசைட் எல்லாம் கலந்தது, அதைப் பிரித்தெடுக்கத்தான் மத்திய அரசின் அருமண் தாது நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். ஆலையே அங்கே இருக்கிறது. இரும்புச் சேர்மம் உள்ள இந்த மணலில் சாதாரண மிஷின் சும்மாவே பிதற்றும், உப்புத் தண்ணீர் நனைத்த இடத்தில் இன்னும் மோசம். பிதற்றலைக் கேட்டு சென்சிடிவிட்டியை, அதாவது மிஷினின் உணர்திறனை ஏற்றுகிறவர்கள் உண்டு, இறக்க வேண்டும் என்பதுதான் உண்மை. இறக்கி, மண்ணின் சத்தத்தைக் கழிக்கும் கிரவுண்ட் பேலன்ஸை அந்த இடத்திலேயே மறுபடி சரிசெய்து, காயிலை ஒரே உயரத்தில் நிதானமாக ஓட்டுங்கள். நிஜமான பொருள் போகும்போதும் வரும்போதும் அதே இடத்தில் கேட்கும், மண்ணின் பிதற்றல் இடம் மாறும். ஆனால் மிஷின் கத்துகிறது என்று கறுப்பு மணலை விட்டு ஓடுவதும் தவறுதான். அலை கனமானதைக் கனமானதோடு ஒதுக்கும் இடம் அது, மோதிரமும் கனம்தான். தென்மேற்குப் பருவத்தில் கடல் கரையை அரித்துக்கொண்டு போனபின் வெளியே வரும் அந்தப் படுகையை நான் விடவே மாட்டேன். மணலை மட்டும் வீட்டுக்கு அள்ளிவர வேண்டாம், மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, அணுசக்திச் சட்டம் தொடர்பான விஷயம்.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் தேடுவதென்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். பால் வடிகிற தகரமும் சிரட்டை மாட்டும் கம்பியும் தவிர பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

கிடைத்ததைப் பார்க்காமல் எறிவதுதான் எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் தவறு. தங்கம் மட்டும்தான் கடலிலிருந்து பளபளவென்று வரும். வெள்ளி கறுத்து, சொரசொரவென்று, பார்த்தால் கரித்துண்டு போல இருக்கும், செம்பு பச்சை பிடித்திருக்கும். நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது, ஆகவே இங்கே மண்ணுக்குள் அந்தக் காசுதான் வரும். சக்கரம் என்ற வெள்ளிக் காசு அரை கிராம்கூட இருக்காது, எண்ணுவதற்கே குழி போட்ட பலகை வைத்திருந்தார்கள், காசைப் பலகையின்மேல் கொட்டி ஆட்டினால் குழிக்கு ஒன்று விழும். சாதாரண சல்லடையின் கண்ணில் அது நழுவிப் போய்விடும், சின்னக் கண் சல்லடை வையுங்கள். செம்புக் காசில் சங்கு முத்திரை தெரிகிறதா பாருங்கள். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய் என்பது அன்றைய கணக்கு. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் முத்திரையும் போய்விடும், மதிப்பும் போய்விடும். நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்து உப்பை எடுத்தால் போதும்.

கடைசியாகச் சட்டம். வட்டக்கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, அந்தப் பக்கம் மிஷினோடு போகவே போகாதீர்கள். உதயகிரிக் கோட்டைக்குள்ளும் பத்மநாபபுரம் அரண்மனை வளாகத்திலும் மிஷினோடு நுழையாதீர்கள். மற்ற இடங்களில் மண்ணுக்குள் புதைந்த பழைய பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாகக் கிடைத்தால், 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி எங்கே, எப்போது, என்ன கிடைத்தது என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் ஓராண்டு வரை சிறை. பத்து ரூபாய் வரம்பு இன்னும் மாறவில்லை, ஆக கிட்டத்தட்ட எல்லாமே அந்தச் சட்டத்துக்குள் வரும். போன வாரம் யாரோ குளிக்கும்போது தொலைத்த மோதிரம் புதையல் ஆகாது, அது அவருடையது. பக்கத்து போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, கொடுத்ததற்கு எழுத்தில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.