ஆதாரம் வேறு, நிரூபணம் வேறு

“என்னிடம் நிரூபணம் இருக்கிறது” என்று பலர் எழுதுகிறார்கள். கையில் இருப்பது ரசீதோ, புகைப்படமோ, ஒலிப்பதிவோ என்றால் அது நிரூபணம் இல்லை, ஆதாரம். ஆதாரத்தைத் திரட்டலாம், காட்டலாம், ஒளித்துவைக்கலாம், அழிக்கவும் செய்யலாம். அந்த ஆதாரங்களை வைத்து, மறுக்க இடமில்லாதபடி ஒன்றை உண்மை என்று காட்டி முடிப்பதுதான் நிரூபணம். அதனால்தான் “ஆதாரம் சிக்கியது”, “குற்றம் நிரூபணமானது” என்கிறோம். “நிரூபணம் சிக்கியது” என்று சொல்லிப் பாருங்கள், காது ஏற்காது.

ஆதாரத்தையும் சான்றையும் பல இடங்களில் மாற்றிப் போடலாம். ஆனால் ஆதாரத்துக்கு ‘அடிப்படை’ என்ற பொருளும் உண்டு. நீராதாரம், வாழ்வாதாரம் போன்ற சொற்களில் சான்றுக்கு இடமே இல்லை. சாட்சி என்பவர் ஆள், அவர் சொல்வது சாட்சியம். “மூன்று சாட்சியங்கள் நீதிமன்றத்துக்கு வந்தனர்” என்பது பிழை, வந்தவர்கள் சாட்சிகள். நிரூபணமானது என்ற பொருளில் “குற்றம் ருசுவானது” என்பதும் சரியான தமிழ் வழக்குதான், இன்று எழுதினால் கொஞ்சம் பழைய வாடை அடிக்கும், அவ்வளவுதான். இலங்கைச் சட்டத் தமிழில் நிரூபித்தலுக்கு ‘எண்பித்தல்’ என்ற சொல் புழங்குகிறது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. “நிரூபிக்கப்படவில்லை” என்பதை “பொய் என்று ஆகிவிட்டது” என எடுத்துக்கொள்வது. இந்தியாவின் 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் இவற்றைத் தெளிவாகப் பிரித்தது: மெய்ப்பிக்கப்பட்டது, பொய்ப்பிக்கப்பட்டது, இரண்டும் இல்லாமல் மெய்ப்பிக்கப்படாதது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்த மூன்றும் அப்படியே இருக்கின்றன. செய்தி எழுதும்போது மூன்றாவதைத் தூக்கி இரண்டாவதில் போட்டால், சொல் மட்டுமல்ல, செய்தியே மாறிவிடும்.

கணக்கில் குழப்பம் வேறு மாதிரி. ‘சரிபார்க்க’ என்று கேட்டால் எண்களைப் போட்டுப் பார்த்தால் போதும். ‘நிறுவுக’, ‘நிரூபிக்க’ என்று கேட்டால் போதாது. ஏன் என்பதற்கு ஒரு கணிதக் கோவையைப் பார்ப்போம்: ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, அந்த எண்ணையே கூட்டி, 41-ஐயும் கூட்டுங்கள். 1-க்கு 43, 2-க்கு 47, 3-க்கு 53. எல்லாம் பகா எண்கள். 39 வரை போய்ப் பாருங்கள், ஒன்றுகூடத் தப்பாது. ‘எப்போதுமே பகா எண்தான், நிரூபித்துவிட்டேன்’ என்று யாருக்கும் சொல்லத் தோன்றும். 40-ஐப் போட்டால் 1681 வரும், அது 41-ஐ 41-ஆல் பெருக்கியது. அப்புறம் என்ன, கதை முடிந்தது. 2-ஐவிடப் பெரிய ஒவ்வோர் இரட்டை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகை என்று 1742-இல் எழுந்த, கணித அறிஞர் கோல்ட்பாக்கின் ஊகத்தை, கணினி கொண்டு மிகமிகப் பெரிய எண்கள் வரை சரிபார்த்துவிட்டார்கள். இன்றும் அதன் பெயர் ஊகம்தான், தேற்றம் இல்லை.

இதே கறாரை ஆய்வுச் செய்திகளிலும் காட்டலாம். ஒரே ஓர் ஆய்வை வைத்து “நிரூபணமானது” என்று தலைப்புப் போடுவதைவிட “தெரியவந்துள்ளது”, “காட்டுகிறது” என்று எழுதுவது நேர்மையானது.

ஆங்கில வாடையுள்ள சில தொடர்களும் புகுந்துவிட்டன. “அவர் தன்னை நிரூபித்தார்” என்பதற்கு “திறமையைக் காட்டினார்” என்ற நல்ல தமிழ் இருக்கிறது. “அந்த முடிவு தவறு என்று நிரூபித்தது” என்று எழுதினால் முடிவு எதையோ நிரூபித்தது போல ஆகிவிடுகிறது. சொல்ல வந்தது “அந்த முடிவு தவறாகப் போய்விட்டது” என்பதுதானே?

எழுத்துப்பிழையைப் பொறுத்தவரை, ‘நிரூபணம்’ என்பதில் ரூ நெடில், இறுதி ‘ம்’-க்கு முன் வருவது மூன்றுசுழி ண. ‘நிருபணம்’, ‘நிரூபனம்’ இரண்டும் தவறு. நிருபர் குறில், அவர் செய்தி தருபவர். அச்சுக்குப் போகுமுன் திருத்திப் பார்ப்பது ‘மெய்ப்புப் பார்த்தல்’. ‘மெய்ப்பித்தல்’ என்று எழுதினால் நிரூபிப்பது என்றாகிவிடும்.