போக்சோ வழக்குல தண்டனை வாதம்: ஜூனியர்ஸ் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐகோர்ட் வளாகத்துல இருக்கிற போக்சோ (குழந்தைகளை பாலியல் குற்றங்கள்ல இருந்து பாதுகாக்கிற சட்டம்) கோர்ட்லயும் அல்லிக்குளம் மகளிர் கோர்ட்லயும் பாதிக்கப்பட்டவங்க தரப்புல ஆஜராகிட்டு வர்றேன். புதுசா வர்ற பசங்களைப் பாத்தா, எங்க பேட்ச் ஆளுங்க பண்ண அதே தப்பு அச்சு அசலா திரும்ப வருது. சீனியருக்கு சொல்லித்தர நேரம் இல்ல, இவங்களுக்கு கேக்க தயக்கம். செக்ஷன் நம்பர் மாத்தி அடிக்கறது, சார்ஜ் ஷீட் காப்பிய வீட்ல வச்சிட்டு வர்றது இதெல்லாம் விட்டுடறேன், ரெண்டு தடவை ஜட்ஜ் முன்னாடி முழிச்சா தானா சரியாயிடும். தானா சரியாகாததை மட்டும் எழுதறேன்.

சம்பவ தேதியை விட்டுட்டு, இன்னைக்கு இருக்கிற தண்டனையைக் கேக்கறது

எனக்கு இன்னைக்கும் வயித்தெரிச்சல் இதுலதான்.

அரசியல் சாசனம் 20(1) என்ன சொல்லுதுன்னா, குற்றம் நடந்த அன்னைக்கு சட்டத்துல என்ன தண்டனை இருந்துச்சோ அதுக்கு மேல யாருக்கும் குடுக்க முடியாது. தீர்ப்பு எந்த வருஷம் வந்தாலும் சரி. பாலியல் குற்றத்துல இது ஏன் இவ்ளோ முக்கியம்னா, நம்ம சட்டம் பத்து பன்னெண்டு வருஷத்துல அத்தனை தடவை மாறியிருக்கு. போக்சோ அமலுக்கு வந்தது 2012 நவம்பர் 14. பழைய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி.ல பாலியல் வன்கொடுமைக்கான செக்ஷன் 376 மாறினது 2013 பிப்ரவரி 3, திரும்ப 2018 ஏப்ரல் 21. போக்சோ தண்டனையை ஏத்தினது 2019 ஆகஸ்ட் 16. ஐ.பி.சி.க்கு பதிலா பி.என்.எஸ். வந்தது 2024 ஜூலை 1. இந்தத் தேதி எல்லாம் டைரி முதல் பக்கத்துல எழுதி வச்சுக்கங்க. கடுமையான ஊடுருவல் பாலியல் தாக்குதலுக்கான போக்சோ செக்ஷன் 6-ல குறைஞ்சபட்சம் 10 வருஷமா இருந்தது 2019 ஆகஸ்ட்டுக்கு அப்புறம் 20 வருஷம் ஆச்சு, மேல் எல்லை மரண தண்டனை வரைக்கும் போச்சு. ஊடுருவல் பாலியல் தாக்குதலுக்கான செக்ஷன் 4-ல குறைஞ்சபட்சம் 7 வருஷம் 10 ஆச்சு, குழந்தைக்கு 16 வயசுக்குக் கீழன்னா 20. இவ்ளோ பெரிய வித்தியாசம் ஒரே ஒரு தேதியில தொங்குது.

2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட்டே ஒரு வழக்குல இதைத்தான் சொல்லுச்சு. சத்தீஸ்கர்ல அஞ்சு வயசு குழந்தை, சம்பவம் 2019 மே மாசம், கீழ்க்கோர்ட் புது செக்ஷன் 6-ஐ வச்சு இயற்கையான ஆயுள் முடியற வரைக்கும்னு தண்டனை குடுத்திருந்துச்சு. குற்றம் நிரூபணம் ஆனது சரின்னு சொல்லிட்டு, தண்டனையை மட்டும் பழைய சட்டப்படி சாதாரண ஆயுள் தண்டனையா மாத்தினாங்க. மே மாசத்துக்கு ஆகஸ்ட் சட்டம் பொருந்தாது, அவ்ளோதான்.

அதுல தேதியாவது தெளிவா இருந்துச்சு. நான் பாத்த ஒண்ணு அப்படி இல்ல. வடசென்னைல ஒரு குழந்தை, அஞ்சாவது படிச்சிட்டிருந்தா, மாடில குடியிருந்த ஆளு. ஜூன்ல ஆரம்பிச்சு மாசக்கணக்கா நடந்திருக்கு. சார்ஜ்ல (கோர்ட் எழுதற குற்றச்சாட்டுல) என்ன எழுதியிருந்தாங்கன்னா, '2019-ஆம் ஆண்டில் பல நாட்களில்'. இவ்ளோதான். விசாரணை கோர்ட் 20 வருஷம் குடுத்துச்சு, குடும்பம் அழுதுகிட்டே கும்பிட்டுட்டு வீட்டுக்குப் போச்சு. அப்பீல் வந்தப்பதான் அந்தக் கட்டு என் கைக்கு வந்துச்சு. எதிர்த்தரப்பு சீனியர் எழுந்து ஒரே கேள்விதான் கேட்டார், ஆகஸ்ட் 16-க்கு அப்புறம் ஏதாவது நடந்ததா சாட்சியம் எங்க இருக்குன்னு. எங்கயுமே இல்ல. சந்தேகத்தோட பலன் குற்றவாளிக்கு, பழைய சட்டம், 10 வருஷம்.

ஆனா அந்தக் குழந்தை சொல்லியிருக்கா. மாஜிஸ்ட்ரேட் முன்னாடி குடுக்கிற 164 வாக்குமூலத்துல, 'காலாண்டு லீவுக்கு பாட்டி வீட்டுக்குப் போறதுக்கு முந்தின நாளும் பண்ணாரு'ன்னு தெளிவா இருக்கு. காலாண்டு லீவு செப்டம்பர் கடைசில வரும். மாஜிஸ்ட்ரேட் எழுதினது, குழந்தை பெரிய எழுத்துல பேர் எழுதி கையெழுத்துப் போட்டது, எல்லாம் ரெக்கார்ட்ல இருக்கு. விசாரணைல அரசுத் தரப்போட முதல் விசாரிப்பு நடந்தப்ப அதைக் கேக்கவே இல்ல. 164 வாக்குமூலம் தனியா நின்னு சாட்சியம் ஆகாது, சாட்சிக் கூண்டுல வந்தாதான் செல்லும், அது பலப்படுத்த மட்டும்தான் உதவும். அந்த ஒரு கேள்வி கேக்காம விட்டதோட விலை பத்து வருஷம். வெளிய வராண்டால அவங்கம்மா என் கையைப் பிடிச்சுகிட்டு, 'அப்ப எம்பொண்ணு சொன்னதை நம்பலையாம்மா?'ன்னு கேட்டாங்க. நம்பினாங்க, தண்டனை உறுதிதான், வருஷம்தான் குறைஞ்சதுன்னு எவ்ளோ சொல்லியும் அவங்க முகம் மாறல.

அதனால குழந்தை கிட்ட தேதி கேக்காதீங்க. எந்தக் குழந்தைக்கும் தேதி ஞாபகம் இருக்காது, 'ஞாபகம் இல்ல'ன்னு சொன்னதை எதிர்த்தரப்பு புடிச்சுக்கும். அவங்களுக்குன்னு ஒரு காலண்டர் இருக்கு, பரீட்சை, லீவு, தெருவுல கூழ் ஊத்தினது, தீபாவளிக்கு எடுத்த டிரஸ். 2019-ல ஆடிக் கூழ் ஊத்தின சமயம்னா அனேகமா பழைய சட்டம், பிள்ளையார் சதுர்த்தி செப்டம்பர் 2, அப்ப நடந்திருந்தா புது சட்டம். போக்சோல கேள்வியை கோர்ட் மூலமாதான் குழந்தை கிட்ட கேக்கணும், செக்ஷன் 33(2), அதனால கேள்வியை எழுதி ரெடியா வச்சுக்கங்க, பதிலை நாமளே ஊட்டற மாதிரி இல்லாம 'அப்ப ஸ்கூல் இருந்துச்சா, லீவா?'ன்னு திறந்த கேள்வியா. லீவு தேதியை நிரூபிக்க ஹெட்மாஸ்டர் கிட்ட ஒரு லெட்டர் போதும். சார்ஜ்ல காலம் மொட்டையா இருந்தா, தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி எப்ப வேணா திருத்தலாம், முன்னாடி சி.ஆர்.பி.சி. (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 216, இப்ப அதுக்கு பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ். 239. பப்ளிக் பிராசிக்யூட்டர் கிட்ட போய் நின்னு கேளுங்க, கூச்சப்படாதீங்க.

வயசுக்கு டி.சி. மட்டும் போதும்னு நினைக்கறது

12, 16, 18 இந்த மூணு கோட்டுல எந்தப் பக்கம்ங்கறதுதான் தண்டனையைத் தீர்மானிக்குது, அதுவும் சம்பவத்தன்னைக்கு இருந்த வயசு. 2023 ஜூலைல தமிழ்நாட்டுல இருந்து போன ஒரு போக்சோ அப்பீல்ல, ஸ்கூல் டி.சி.யும் அட்மிஷன் ரெஜிஸ்டர் காப்பியும் வயசுக்குப் போதாதுன்னு சொல்லி தண்டனையையே ரத்து பண்ணிடுச்சு சுப்ரீம் கோர்ட். ஜே.ஜே. சட்டம் (சிறார் நீதிச் சட்டம்) செக்ஷன் 94-ல வரிசை இருக்கு, ஸ்கூல் குடுக்கிற பிறந்த தேதி சர்ட்டிஃபிகேட் இல்லன்னா பத்தாவது சர்ட்டிஃபிகேட், அது இல்லன்னா கார்ப்பரேஷனோ பஞ்சாயத்தோ குடுத்த பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லன்னாதான் எலும்புப் பரிசோதனை. கார்ப்பரேஷன் சர்ட்டிஃபிகேட்டை முதல் நாளே வாங்கிடுங்க.

குறைஞ்சபட்ச தண்டனைக்குக் கீழ கேக்கறது

முடியாது. 'வயசான அம்மா இருக்காங்க, முதல் குற்றம்' எல்லாம் குறைஞ்சபட்சத்துக்கும் அதிகபட்சத்துக்கும் நடுவுலதான் செல்லும். 376-ல 'தகுந்த, சிறப்பான காரணம்' இருந்தா குறைக்கலாம்னு ஒரு விதிவிலக்கு இருந்துச்சு, 2013-லயே எடுத்தாச்சு. பழைய தீர்ப்பைத் தேடி எடுத்துட்டு வந்து அதை நம்பி வாதாடறவங்களை இன்னும் பாக்கறேன்.

கல்யாணம் பண்ணிக்கறேன்னு சொல்றானே, சமரசம்?

கிடையாது. சுப்ரீம் கோர்ட்ல நீதிபதி சதாசிவம் தலைமையில மூணு பேர் பெஞ்ச் 2013 ஆகஸ்ட்லயே சொல்லிட்டாங்க. அந்தக் குடும்பத்துக்கிட்ட அந்தப் பேச்சை எடுத்துட்டுப் போற வேலையை நீங்க செய்யாதீங்க.

ரெண்டு சட்டத்துலயும் தண்டனை கேக்கறது

ஒரே செயலுக்கு போக்சோவும் ஐ.பி.சி.யோ பி.என்.எஸ்.ஸோ ரெண்டும் வந்தா, எது அதிகமோ அது மட்டும். போக்சோ செக்ஷன் 42.

ஆயுள்னா 14 வருஷம்னு நினைக்கறது

இல்ல, சாகற வரைக்கும். 14 வருஷம்ங்கறது அரசாங்கம் முன்விடுதலை பத்தி யோசிக்கறதுக்கே முடிஞ்சிருக்க வேண்டிய காலம். அது ஒரு பக்கம் இருக்க, அண்ணா யுனிவர்சிட்டி வழக்குல 2025 ஜூன் 2 சென்னை மகளிர் கோர்ட் 30 வருஷத்துக்குக் குறையாத ஆயுள், தண்டனைக் குறைப்புச் சலுகை இல்லைன்னு சொன்னதுல இருந்து எல்லா வழக்குலயும் அதே மாதிரி கேட்டு மெமோ போடறாங்க. கோபம் எனக்கும் இருக்கு. ஆனா ராஜீவ் கொலை வழக்குக் கைதிகள் விஷயத்துல 2015 டிசம்பர் 2 அரசியல் சாசன பெஞ்ச், இத்தனை வருஷம் சலுகையே இல்லாமன்னு குறிச்சுக் குடுக்கிற அதிகாரம் ஐகோர்ட்டுக்கும் சுப்ரீம் கோர்ட்டுக்கும்தான்னு சொல்லியிருக்கு. கீழ்க்கோர்ட்ல அதை மட்டுமே நம்பி வாதாடினா, அப்பீல்ல எதிர்த்தரப்புக்கு நாமளே ஒரு பாயிண்ட் எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடும். சட்டத்துலயே 'மீதமுள்ள இயற்கை ஆயுள்'னு எழுதியிருக்கிற செக்ஷனா பாத்து அதைக் கேளுங்க.

தண்டனை நாள்ல இழப்பீட்டை மறக்கறது

எத்தனை வருஷம் கிடைக்கும்ங்கற பரபரப்புல இது போயிடுது. அபராதம் வேற, இழப்பீடு வேற. அபராதம் அவன் கட்டினாதான் வரும், முக்காவாசி பேர் கட்டாம அதுக்கு பதிலா கூடுதலா உள்ள இருந்துடறாங்க. செக்ஷன் 33(8), 2020 போக்சோ விதி 9, இதுல வர்ற இழப்பீடு அரசாங்கம் குடுக்கறது. எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு எப்ப வேணா இடைக்கால இழப்பீடு கேக்கலாம், தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்ல. குற்றவாளி விடுதலை ஆனாலும், ஆளே சிக்காட்டாலும்கூட கோர்ட் பரிந்துரைக்கலாம். ஆர்டர் கிடைச்ச 30 நாள்ல பணம் குடுக்கணும். மனு போடும்போது சிகிச்சை செலவு, கவுன்சிலிங், ஸ்கூல் மாத்தினது, வேலைக்குப் போக முடியாம அம்மா இழந்த சம்பளம் எல்லாத்தையும் பில்லோட பட்டியலா போடுங்க, மொட்டையா ஒரு தொகை கேக்காதீங்க. குழந்தை பேரு, ஸ்கூல் பேரு, தெரு எதுவும் மனுவோட தலைப்புல வரக்கூடாது, அதெல்லாம் தனி சீல் கவர்ல.