ரொறன்ரோவில் ஏறினால் யாழ்ப்பாணத்தில் எப்போது இறங்கலாம்?

எத்தனை மணித்தியாலப் பயணம் என்று கேட்டால் ரிக்கெட் போடுபவர் 22, 24 என்று ஏதாவது சொல்வார். அது கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையம் வரைக்கும்தான். வீட்டுப் படலை வரைக்கும் பார்த்தால் ஒன்றரை நாள்.

ரொறன்ரோவுக்கும் கொழும்புக்கும் இடையில் வான்வழித் தூரம் ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். நேரடி விமானம் இல்லை. பெரும்பாலானோர் துபாயிலோ டோஹாவிலோ மாறுகிறோம். துபாய்க்கு 13 மணித்தியாலம் மட்டில், அங்கிருந்து கொழும்புக்கு நாலரை. திரும்பி வரும்போது மேல்காற்று எதிர்த்து அடிப்பதால் துபாயிலிருந்து ரொறன்ரோவுக்கு 14 வரை போகும். லண்டன்காரர் கொடுத்து வைத்தவர்கள்: 8,700 கிலோமீற்றர், ஒரே விமானம், 11 மணித்தியாலம் மட்டில் முடிந்துவிடும்.

கோடையில் வெள்ளி இரவு 10 மணிக்கு ரொறன்ரோவில் ஏறுகிறீர்கள், துபாயில் 7 மணித்தியாலம் காத்திருப்பு என்று வையுங்கள். கட்டுநாயக்காவில் இறங்கும்போது ஞாயிறு காலை 8 மணி. கையில் கட்டிய மணிக்கூட்டில் சனி இரவு பத்தரைதான் ஆகியிருக்கும். கோடையில் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம்; குளிர்காலத்தில் பத்தரை.

நான் விலைக்கு அடுத்ததாகப் பார்ப்பது இந்த இறங்கும் நேரத்தைத்தான். புத்தளம், அநுராதபுரம், வவுனியா, ஆனையிறவு என்று வீதி வழியே இன்னும் 7, 8 மணித்தியாலம் வான் வண்டியில் இருக்கவேண்டும். காலையில் இறங்கினால் பின்னேரம் வீடு. இரவு 8 மணிக்கு இறங்கினால் சாரதி விடிய விடிய ஓடவேண்டும். ஏ9 வீதியில் படுத்திருக்கும் மாடுகளுக்கு உங்கள் அவசரம் தெரியாது. அப்படி வந்தால் நீர்கொழும்பில் ஓர் இரவு தங்கிவிடுங்கள். அப்புறம், கூட்டிப்போக வரும் வானில் சித்தி, மாமி, பிள்ளைகள் என்று எட்டுப் பேர் வருவார்கள். பெட்டிகளுக்கு இடம் வேண்டும் என்று முதலே சொல்லி வையுங்கள்.

இடைமாறலுக்கு இரண்டரை மணித்தியாலமாவது விடுங்கள். ஒருமுறை 55 நிமிடம் போதும் என்று நம்பி ஓடிப்போய் ஏறினேன். நான் வந்தேன், பெட்டி வரவில்லை. மூன்றாம் நாள் அதை எடுக்கத் திரும்பவும் கட்டுநாயக்காவுக்கு ஓடினேன்.

சென்னை வழியாக யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குப் போவது இன்னொரு வழி. 2019இல் தொடங்கி, கோவிட்டோடு நின்று, 2022 டிசம்பரில் மறுபடி வந்த சேவை. 360 கிலோமீற்றருக்குள்தான், ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலத்தில் யாழ்ப்பாணம். ஆனால் சிறிய விமானம், கனடாவில் தரும் இரண்டு 23 கிலோப் பெட்டிகளை அதில் எதிர்பார்க்க முடியாது. தனித்தனி ரிக்கெட் என்றால் சென்னையில் குடிவரவைத் தாண்டி வெளியே வந்து பெட்டியை மறுபடி போடவேண்டும். அதற்கு இந்திய விசா தேவை. கையில் ஒரு பையோடு போகிறவருக்கு அருமையான வழி.

திரும்பும் நாளில் திகதிதான் ஆளை விழுத்தும். ரிக்கெட்டில் 12ஆம் திகதி அதிகாலை 3 மணி என்றிருந்தால், யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடவேண்டியது 11ஆம் திகதி மத்தியானம். வான்காரரிடம் விமானத் திகதியைச் சொல்லாதீர்கள். "புதன்கிழமை மத்தியானம் வாங்கோ" என்று கிழமையோடு சொல்லுங்கள்.