சாயப் பொட்டலத்தைக் கீழே வையுங்கள்

டிசம்பர் பிறந்தால் மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் பள்ளி ஆண்டு விழாப் பேச்சுதான். மாறுவேடப் போட்டிக்கு சூப்பர்ஹீரோ உடை வேண்டுமாம். கடையில் தொங்குவது ஒரு முறை துவைத்தால் போய்விடும் துணி. விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. வீட்டிலேயே செய்துவிடலாமா என்று பெற்றோர் என்னிடம் கேட்டு வருகிறார்கள். தாராளமாகச் செய்யலாம். ஒரு டி-ஷர்ட், ஒரு லெகிங்ஸ், பழைய துப்பட்டா, இரண்டு நிறத்தில் ஃபெல்ட் துணி, எலாஸ்டிக், வெல்க்ரோ இருந்தால் பெரும்பாலான சூப்பர்ஹீரோக்கள் அதற்குள் அடங்கிவிடுவார்கள்.

ஆனால் செய்துமுடித்துக் கொண்டுவந்து காட்டும்போதுதான் தெரிகிறது. இந்த வேலையில் இறங்கிய புதிதில் நான் அடித்த கூத்துகளை ஒன்று விடாமல் அவர்களும் அடித்துவிட்டு வருகிறார்கள். அளந்து வெட்டுங்கள், கத்தரிக்கோல் பத்திரம் என்பதையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவற்றைச் சொல்கிறேன்.

சாயம் தோய்த்து நிறத்தை மாற்றப் பார்ப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். வீட்டில் வெள்ளை டி-ஷர்ட் இருக்கிறது, சூப்பர்மேனுக்கு வேண்டியது நீலம், சாயப் பொட்டலம் மளிகைக் கடையிலேயே கிடைக்கிறது, ஒரு வாளித் தண்ணீர் போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

செம்பூரில் ஒரு பெண், மகன் இரண்டாம் வகுப்பு. பள்ளியின் உடற்பயிற்சிச் சீருடையான வெள்ளை டி-ஷர்ட்டை எடுத்து நீலச் சாயத்தில் ஊற வைத்தாள். வாளி நீலமாயிற்று, குளியலறைத் தரை நீலமாயிற்று, அவள் கை முழங்கை வரை நீலமாயிற்று. டி-ஷர்ட் மட்டும் இரண்டாம் அலசலில் பழையபடி வெளுத்துவிட்டது. இன்னொரு பொட்டலம் வாங்கினாள். தண்ணீரைக் கொதிக்க வைத்தாள், உப்பை அள்ளிப் போட்டாள், கிளறிக் கிளறிப் பார்த்தாள். மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "இதற்கு நீலம் போட்டு உலர்த்தியிருந்தாலே போதுமே அம்மா" என்றாராம். இதில் சோகம் என்னவென்றால், சாயத்துக்கும் உப்புக்கும் பாழான வாளிக்கும் ஆன செலவில் நல்ல நீல டி-ஷர்ட்டே வாங்கியிருக்கலாம். சீருடையும் போயிற்று. திங்கட்கிழமை அதற்கு வேறு புதிது வாங்க வேண்டியதாயிற்று.

அவள் மேல் தவறில்லை. பொட்டலத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதை யார் படிக்கிறார்கள்? கடைகளில் வீட்டு உபயோகத்துக்கென்று விற்கும் சாயங்களில் பெரும்பாலானவை பருத்திக்கானவை. பருத்தி இழை தண்ணீரைக் குடிக்கும், அதோடு சேர்த்துச் சாயத்தையும் பிடித்துக்கொள்ளும். பாலியெஸ்டர் தண்ணீரை உள்ளே விடுவதே இல்லை. அதற்கான சாயம் தனி. ஆலைகளில் அழுத்தக் கலன்களில் ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஏற்றுகிறார்கள். உங்கள் பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும், அதற்கு மேல் ஏறாது. பிரஷர் குக்கரே 120ஐத்தான் ஒட்டி நிற்கும். அதில் வைத்துப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். சாயம் தொட்ட பாத்திரத்தில் பிறகு சமைக்கவே கூடாது.

பள்ளி விளையாட்டுச் சீருடைகளில் பலவும் முழு பாலியெஸ்டர், இல்லையென்றால் கலப்பு. கலப்புத் துணியில் பருத்தியின் பங்கு மட்டும் சாயத்தைப் பிடிக்கும். சிவப்பு போட்டால் ரோஜா நிறம் கிடைக்கும், கருநீலம் போட்டால் ஆஸ்பத்திரிப் பச்சைக்கு அக்காள் மகள் போல ஒரு நீலம் கிடைக்கும்.

சரி, சுத்தப் பருத்தி என்றால்? அப்போதும் அவசரப்படாதீர்கள். ஈரத்துணி எப்போதும் அடர்ந்த நிறமாகத்தான் தெரியும். வாளியில் இருக்கும்போது அப்பாடா என்று தூக்கிப் பிழிந்தால், கொடியில் காய்ந்தபின் வெளிறிப் போயிருக்கும். சட்டையைத் தைத்திருக்கும் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர் என்பதால் கழுத்திலும் தோளிலும் கை விளிம்பிலும் வெள்ளைத் தையல் கோடுகள் அப்படியே பளிச்சென்று நிற்கும். மேடையில் விளக்குப் பட்டதும் முதலில் கண்ணில் படுவது அந்தக் கோடுகள்தான். கடைசியாக, மும்பை வேர்வை. சரியாக அலசாத சிவப்புச் சாயம் பிள்ளையின் கழுத்தில் இறங்கும், மஞ்சள் சின்னத்தில் பரவும்.

எந்தத் துணி என்று சந்தேகம் இருந்தால், உள்மடிப்பிலிருந்து துணியின் இழை ஒன்றை உருவுங்கள். தையல் நூலை உருவினால் ஏமாந்துபோவீர்கள். இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே நெருப்பில் காட்டுங்கள். பருத்தி, காகித வாசனையோடு எரிந்து பொடிச் சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் நகத்துக்கு மசியாத கெட்டி மணியாக நிற்கும்.

நிறத்தை உண்டாக்க முயலாதீர்கள்; நிறத்தோடு இருக்கும் துணியைத் தேடுங்கள். அதற்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் பிள்ளையின் அலமாரி. பள்ளியில் சிவப்பு அணி, நீல அணி, பச்சை அணி, மஞ்சள் அணி என்று பிரித்து அந்தந்த நிறத்தில் டி-ஷர்ட் கொடுத்திருப்பார்களே, அது அங்கே மடித்துக் கிடக்கும். நீல அணியா, சூப்பர்மேன். சிவப்பா, மார்பில் மின்னல் வெட்டோடு ஃப்ளாஷ். பச்சையா, கறுப்பு லெகிங்ஸ் சேர்த்து கிரீன் லான்டர்ன். மஞ்சளா, வுல்வரின். பிள்ளை "எனக்குச் சூப்பர்மேன்தான் வேண்டும்" என்று தரையில் உருண்டால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள், அது உங்கள் வீட்டு விவகாரம். மார்பில் இருக்கும் பள்ளி முத்திரையைப் பற்றிக் கவலை வேண்டாம், சின்னத்தை அகலமாக வெட்டினால் மறைந்துவிடும். ஆனால் அதைப் பசையால் ஒட்டாமல் பெரிய பெரிய ஓட்டுத் தையலாகப் போடுங்கள். விழா முடிந்ததும் நூலை உருவினால் சீருடை சீருடையாகவே இருக்கும்.

அலமாரியில் இல்லையென்றால் தாதர் நடைபாதையிலோ ஆசாத் மைதானத்துக்கு எதிரே ஃபேஷன் ஸ்டிரீட்டிலோ சாதா டி-ஷர்ட் பாருங்கள். நம் திருப்பூர்ச் சரக்கு இங்கேயும் வருகிறது. டி-ஷர்ட்டுக்கும் முதுகில் தொங்கும் கேப்புக்கும் லெகிங்ஸுக்கும் நிறம் சேர வேண்டுமென்றால் முதலில் வாங்கியதைக் கையோடு எடுத்துப்போய், கடை வாசலுக்கு வந்து வெயிலில் ஒப்பிடுங்கள். குழல் விளக்கின் கீழ் ஒன்றாகத் தெரியும் இரண்டு சிவப்புகள் தெருவுக்கு வந்ததும் ஒன்று செங்கல், ஒன்று தக்காளி என்று பிரிந்துவிடும்.

கேப்பைக் கழுத்தில் முடிச்சுப் போடுவது

தோளிலிருந்து பறக்கும் அந்தத் துணியைத்தான் சொல்கிறேன். 1938இல் முதன்முதலாக அச்சில் வந்தபோதே சூப்பர்மேன் கேப்போடு வந்துவிட்டார், அதனால் பிள்ளைகளுக்கு அது இல்லாமல் ஆகாது. துப்பட்டாவின் இரு முனைகளைக் கழுத்தில் முடிந்துவிடுவது எளிது. ஆனால் நாற்காலியில் மாட்டினாலும், பின்னால் வரும் பிள்ளை மிதித்தாலும், இறுகுவது குரல்வளை.

இரு தோள்களிலும் விரல் நீளத்துக்கு வெல்க்ரோ தைத்து அதில் ஒட்டுங்கள். யாராவது இழுத்தால் துணி கழன்று வர வேண்டும், பிள்ளை கூடவே வரக் கூடாது. நீளம் முழங்காலின் பின்மடிப்பு வரை போதும். தரையைத் தொடும் கேப் படத்தில் அழகு, படிக்கட்டில் ஆபத்து. ஸ்கூட்டரில் கூட்டிப்போகிறவர்கள் வீட்டிலேயே கேப்பை மாட்டிவிடாதீர்கள். சக்கரத்தில் துப்பட்டா சிக்கிய விபத்துகளை நாம் கேள்விப்படாதவர்கள் அல்ல. பைக்குள் மடித்து எடுத்துப்போய், பள்ளி வாசலைத் தாண்டியபின் ஒட்டுங்கள்.

இன்னொன்று: மங்கள்தாஸ் மார்க்கெட்டுக்குப் போனால் எல்லோரும் சாட்டின் துணியில்தான் கை வைக்கிறார்கள். பளபளக்கும், உண்மை. வெட்டிய ஓரம் அன்று மாலையே நூல்நூலாகப் பிரிந்து தொங்கும் என்பதும் உண்மை. ஓரம் மடித்து அடிக்கத் தையல் இயந்திரம் இல்லையென்றால் பழைய சேலையின் கரைப்பக்கத்தை எடுங்கள். நெய்த கரை பிரியாது.

சின்னத்தை வயிற்றில் வைப்பது

டி-ஷர்ட்டை மேஜையில் விரித்து, நட்டநடுவில் சின்னத்தை வைத்துத் தைத்துவிடுகிறார்கள். போட்டுப் பார்த்தால் பேட்மேனின் வௌவால் தொப்புளில் உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைக்குச் சட்டையைப் போட்டு, நிமிர்ந்து நிற்கச் சொல்லி, காறை எலும்புக்குச் சற்றுக் கீழே சோப்புத் துண்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். சின்னத்தின் மேல்விளிம்பு அங்கே வர வேண்டும்.

வௌவாலை முழுதாக வரைய முயல்வதும் வீண். காகிதத்தை இரண்டாக மடித்து, மடிப்பை ஒட்டிப் பாதி வௌவாலை மட்டும் வரைந்து வெட்டி விரியுங்கள். இரு இறக்கைகளும் சமமாக வரும். அதை ஃபெல்ட்டின் மேல் வைத்துக் குண்டூசி குத்தி வெட்டுங்கள். ஃபெல்ட்டில் ஓரம் பிரியாது.

வண்ணம் தீட்டத்தான் ஆசை என்றால், சட்டைக்குள் ஓர் அட்டையைச் செருகுங்கள். இல்லையென்றால் வண்ணம் முதுகுப்பக்கத்துக்கும் ஊறிப்போகும். இழுபடும் லைக்ரா துணியில் தளர்ந்த நிலையில் தீட்டிய வண்ணம், உடம்பில் ஏறி இழுபட்டதும் வெடிக்கும்.

தெர்மகோலில் ஸ்ப்ரே பெயின்ட்

கரைந்து குழியாகும். அக்ரிலிக் வண்ணமும் தூரிகையும் போதும்.

பசை ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவது

ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து ஒட்ட வேண்டும். ஆகஸ்ட் 15 விழாவுக்குச் செய்கிறவர்கள் மழைக்காலம் என்பதை நினைவில் வைத்து, முந்தின இரவில் வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

முகமூடி

கண் துளையைப் பெரிதாக வெட்டுங்கள், இன்னும் பெரிதாக. எலாஸ்டிக்கை ஸ்டேப்ளர் பின் கொண்டு அடிக்காமல் தையுங்கள், அந்தப் பின் கன்னத்தைக் கீறும். கண்ணாடி போடும் பிள்ளைக்கு முகமூடியே வேண்டாம், தலைப்பட்டி கட்டுங்கள். போஸ்டர் கலரை முகத்தில் பூசவே பூசாதீர்கள்.

சிவப்பு ஜட்டி

சூப்பர்மேன் வெளியே போடுகிறார் என்பதற்காக உண்மையான ஜட்டியைப் போட்டு அனுப்பாதீர்கள். பிள்ளை பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை கேலி ஓயாது. சிவப்பு அரைக்கால் சட்டை போதும். 2011இல் காமிக்ஸ்காரர்களே சில ஆண்டுகளுக்கு அதைக் கழற்றிவிட்டார்கள், ஆகவே முற்றிலும் விட்டுவிட்டாலும் யாரும் குறை சொல்ல முடியாது.

டி-ஷர்ட்டையும் லெகிங்ஸையும் ஒன்றாகத் தைப்பது

கழிப்பறையை நினைத்துப் பாருங்கள்.

வட்டக் கேடயத்துக்குத் தட்டு தேடுவது

கேப்டன் அமெரிக்காவுக்கென்று எவர்சில்வர் தாம்பாளத்தைத் தூக்கிக் கொடுக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் கை சோர்ந்து கேடயம் பக்கத்துப் பிள்ளையின் காலில் விழும். இரண்டு அடுக்கு அட்டையை ஒட்டி வெட்டுங்கள், பின்னால் கை நுழைக்க அகல எலாஸ்டிக் இரண்டு. தாராவியின் தோல் பட்டறைகள் பக்கம் அறிமுகம் இருந்தால் வெட்டி ஒதுக்கிய துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள், கைப்பிடிக்கும் இடுப்புப் பட்டைக்கும் அதைவிட நல்ல பொருள் இல்லை. வட்டம் கோணலாகப் போய்விட்டால் கலங்காதீர்கள். 1941இல் முதன்முதலில் தோன்றியபோது அவர் கையில் இருந்தது வட்டக் கேடயமே அல்ல. மேலே அகன்று கீழே கூம்பியது. யாராவது குறை சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

ஷூவுக்குப் பெயின்ட் அடிப்பது

பள்ளி ஷூவைப் பாழாக்க வேண்டாம். கால்பந்து ஆடுகிறவர்கள் போடும் நீள சாக்ஸ் சிவப்பில் வாங்கி, ஷூவுக்கு மேலே இழுத்து மாட்டினால் முழங்கால் வரை பூட்ஸ் வந்துவிடும். அடிப்பக்கத்தில் ஷூவின் அடித்தட்டு தெரியும் அளவுக்குச் சாக்ஸை வெட்டிவிடுங்கள். வெட்டாமல் விட்டால் மேடைப் பலகையில் வழுக்கும். வெட்டிய விளிம்பை ஷூவின் பக்கவாட்டில் இரண்டு மூன்று இடங்களில் இருபக்க ஒட்டு நாடாவால் பிடித்துவைத்தால் ஓடும்போது மேலே சுருண்டு வராது.