ராயபுரத்தில் மீன் சாப்பாட்டுக் கடை போடுகிறவர்களுக்கு

கேட்டரிங் படித்து, பெரிய ஹோட்டலில் இரண்டு மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு, "அக்கா, சொந்தமா ஒரு கடை போடணும்" என்று என்னிடம் யோசனை கேட்டு வரும் பிள்ளைகள் இப்போது அதிகம். பாதிப் பேர் வரும்போதே மெனு கார்டோடு வருவார்கள். வஞ்சிரம் தவா ஃப்ரை, இறால் தொக்கு, நண்டு மசாலா, எல்லாம் விலை போட்டு அச்சடித்து அழகாக இருக்கும். நான் ஒன்றுதான் கேட்பேன்: நாளைக் காலையில் இந்த மீனெல்லாம் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு வரும் என்று யார் சொன்னார்கள்?

என் கடையில் மெனு கார்டு கிடையாது. ஒரு கரும்பலகை இருக்கிறது. மீன் வாங்கி, வெட்டி, குழம்பு கொதித்த பிறகுதான் அதில் எழுதுவேன். என் மாமியார் கூடையில் சோறும் குழம்பும் எடுத்துப்போய் விற்ற காலத்திலிருந்து எங்கள் வீட்டு வழக்கம் இதுதான். வந்த மீனைச் சமைப்பது. இந்த ஊரில் மீன் கடை நடத்தி நிற்க வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை. பிரியாணிக் கடைக்கோ சைனீஸ் கடைக்கோ நான் சொல்வது பொருந்தாது. வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் மதியம் மட்டும் நடத்தும் சின்ன மெஸ்ஸுக்கான பேச்சு இது.

யாருக்குச் சமைக்கிறீர்கள்

இடம் பார்க்கப் போனால் வாடகையை அப்புறம் கேளுங்கள். முதலில் மதியம் பன்னிரண்டரைக்கு அந்தத் தெருவில் போய் நில்லுங்கள். யார் நடக்கிறார்கள், எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள், எவ்வளவு அவசரம் என்று பாருங்கள். துறைமுகத்து லோடு ஆட்களும் லாரி டிரைவர்களும் வருகிற தெரு என்றால் சோறு நிறைய வேண்டும், குழம்பு சுள்ளென்று இருக்க வேண்டும். பாரிமுனை ஆபீஸ் ஆட்களுக்குக் கொஞ்சம் சோறும் ஒரு வறுவலும் போதும், பத்து நிமிஷத்தில் எழுந்து போக வேண்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கும் நோயாளியின் சொந்தக்காரர்கள் வேறு மாதிரி. அவர்களுக்குச் சாப்பாட்டில் மனமே இருக்காது. மீன் மெஸ்ஸாக இருந்தாலும் மிளகு ரசமும் மோரும் தினமும் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது அவர்களுக்காகத்தான்.

ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது. பால் சுறா கிடைத்த நாளில் புட்டு செய்து வையுங்கள். பிள்ளை பெற்றவளுக்குத் தாய்ப்பால் ஊறும் என்று தூக்கு எடுத்துக்கொண்டு பாட்டிமார்கள் வருவார்கள். அவர்களுக்கு மிளகாய் குறைத்து, பூண்டு கூட்டிப் போட வேண்டும். இதை எந்த கேட்டரிங் கல்லூரியும் சொல்லித் தராது.

காலண்டரையும் பாருங்கள். செவ்வாய், வெள்ளியில் பாதிப் பேர் மீன் தொட மாட்டார்கள். புரட்டாசியில் வியாபாரம் படுத்துவிடும், அந்த மாதத்துக்கு வாடகையை முன்னாலேயே எடுத்து வையுங்கள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கதை மாறும். இறைச்சியை விட்ட கிறிஸ்தவர்கள் மீன் தேடி வருவார்கள், அன்று கூடுதலாக வாங்கலாம். ஆடியில் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும்போது கருவாட்டுக் குழம்புக்கு இருக்கிற மவுசு வஞ்சிரத்துக்குக் கிடையாது.

காசிமேட்டில் வாங்குவது

விசைப்படகுகள் கரை சேர்ந்து, விடிவதற்கு முன்பே ஏலம் சூடு பிடித்துவிடும். ஏலத்தில் மீனைக் கூடையாகவோ குவியலாகவோ கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக விலை கேட்பார்கள், தராசு வராது. புது ஆள் அதில் இறங்க வேண்டாம். மேலே பெரிய மீன் தெரியும், அடியில் என்ன இருக்கிறது என்று பழகிய கண்ணுக்குத்தான் தெரியும். ஏலத்தில் எடுத்துப் பக்கத்திலேயே பிரித்து விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேரிடம் தொடர்ந்து வாங்குங்கள். ஒருவரிடம் மட்டும் என்றால் விலை அவர் கையில். பத்துப் பேரிடம் என்றால் யாருக்கும் நீங்கள் சொந்தம் இல்லை. பழகிவிட்டால் தூரத்தில் பார்த்ததுமே குரல் வரும்: "கண்ணு, வஞ்சிரத்தை இன்னிக்கு வுட்டுடு, கவலை மீனு சூப்பரா வந்துகீது, அத்த எடுத்துக்கோ." அந்த ஒரு வாக்கியத்தில் அன்றைக்குப் பலகையில் என்ன எழுதுவது என்பது முடிந்துவிடும். கூடை விலைக்கு வேண்டுமென்றால் பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேரோடு பங்கு சேர்ந்து எடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். வீட்டுக்கு வாங்க ஊரே அங்கே வந்து நிற்கும், விலையும் ஏறி நிற்கும். சனிக்கிழமையே ஐஸில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அன்றைக்குக் கடைக்கு லீவு விடுங்கள். நான் லீவு விடுகிறேன்.

மீன் பார்க்கும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கண் துருத்திப் பளபளவென்று இருக்க வேண்டும், செவுள் சிவந்திருக்க வேண்டும், விரலால் அமுக்கினால் குழி நிற்கக் கூடாது. ஆனால் ஒவ்வொரு மீனும் ஒவ்வொரு இடத்தில் காட்டிக் கொடுக்கும். கவலையும் நெத்திலியும் வயிற்றில் காட்டும், வயிறு உடைந்திருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் விடுங்கள். இறாலில் தலை கறுத்து ஆடினால் பழசு. கடம்பாவின் (கணவாய்) தோலில் பழுப்புப் புள்ளி தெளிவாகத் தெரிந்தால் புதுசு, சதை ரோஸ் நிறம் ஏறியிருந்தால் வேண்டாம். நண்டைக் கையில் தூக்கிப் பாருங்கள், அளவில் பெரிதாக இருந்து கனமில்லாமல் இருந்தால் உள்ளே தண்ணீர்தான். செவுள் சிவப்பாக இருந்தும் மீன் வாசமே இல்லாமல், மூக்கில் காரமாக ஏதோ ஏறினால் அந்தத் தட்டை விட்டு நகர்ந்துவிடுங்கள். 2018-ல், மீன் கெடாமல் இருக்க ஃபார்மலின் என்ற ரசாயனம் சேர்க்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பியபோது நல்ல மீன் விற்றவர்களும் அடிபட்டார்கள். அன்றிலிருந்து என் கடையில், யார் கேட்டாலும் ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டுவேன்.

பெட்டியில் ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு மீன் என்று போடுங்கள். அடியில் ஓட்டை இருக்க வேண்டும். உருகிய தண்ணீரில் ஊறிய மீனை எந்த மசாலாவாலும் காப்பாற்ற முடியாது.

கணக்கு

பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். முழு வஞ்சிரம் கிலோ 1000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தலை, வால், குடல் போனால் துண்டாக நிற்பது 750 கிராம். அப்படியென்றால் துண்டு மீனின் விலை கிலோ 1333. நூறு கிராம் துண்டு ஒன்று பச்சையாகவே 133 ரூபாய். அதற்கு மேல் எண்ணெய், மசாலா, கேஸ், வறுக்கிறவர் கூலி. அதை 150-க்கு விற்றால் வாடிக்கையாளருக்குச் சந்தோஷம், உங்களுக்குக் கைவலி. தலையைக் குழம்பில் போட்டுத் தனியாக விற்றால்தான் கொஞ்சம் தேறும்.

கவலை மீனுக்கு இதே கணக்கைப் போடுங்கள். கிலோ 160, கிலோவுக்கு இருபது மீன். ஒரு தட்டில் நான்கு வைத்தால் ஐந்து தட்டு, தட்டுக்கு மீன் செலவு 32 ரூபாய். 70-க்கு விற்கலாம், யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். விலை தினமும் மாறும், கணக்கு மாறாது. என் கடை ஓடுவது கவலை, காரப்பொடி, நெத்திலி, சங்கரா, கானாங்கெளுத்தியால். வஞ்சிரம் பலகைக்கு ஒரு கௌரவம், அவ்வளவுதான்.

அடுப்பில்

மீன் குழம்புக்கு எங்கள் பக்கம் தேங்காய் அரைப்பதில்லை. நல்லெண்ணெயில் வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, வீட்டில் அரைத்த குழம்பு மிளகாய்த்தூள், புளி. மாங்காய்க் காலத்தில் புளியைக் குறைத்து மாங்காய் போடுவோம். கடைக்குச் செய்யும்போது முக்கியமான விஷயம் ஒன்று: குழம்பை எட்டு மணிக்கே கொதிக்க வைத்து இறக்கிவிடுங்கள், மீனை மட்டும் பந்திக்குப் பந்தி சின்னப் பாத்திரத்தில் போட்டு இறக்குங்கள். மொத்த மீனையும் ஒரே அண்டாவில் போட்டால் இரண்டு மணிக்கு வருகிறவருக்கு முள்ளும் கூழும்தான் கிடைக்கும். கரண்டி போட்டுக் கிளறக் கூடாது, பாத்திரத்தைப் பிடித்துச் சுற்றி அசைக்க வேண்டும். பெரிய ஹோட்டலில் பயிற்சி எடுத்த பையன்களுக்கு இதைப் பழக்கத்தான் எனக்கு அதிக நாள் ஆகிறது.

வறுவலுக்குக் கலர் பொடி வேண்டாம். காஷ்மீரி மிளகாய் பாதிக்குப் பாதி சேர்த்தால் போதுமான சிவப்பு வரும். தோசைக்கல்லில் கொஞ்ச எண்ணெய் விட்டு வறுங்கள். மீன் வறுத்த எண்ணெயை மறுநாளுக்கு எடுத்து வைக்காதீர்கள். எண்ணெயில் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து சட்டமே இருக்கிறது, அதிகாரி கையில் அளக்கும் கருவியோடு வருவார்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு, மாநகராட்சியின் தொழில் உரிமம், வேலை செய்கிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை மருத்துவச் சான்று. சான்றிதழைக் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். வீட்டு சிலிண்டரைக் கடையில் வைக்காதீர்கள், 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர்தான் வைக்க வேண்டும். பார்சலுக்கு வாழை இலையும் காகிதமும், குழம்புக்கு அவரவர் தூக்கு. 2019 ஜனவரியிலிருந்து பிளாஸ்டிக் தாளும் பையும் தடை. தூக்கு கொண்டு வருகிறவருக்கு நான் ஒரு கரண்டி குழம்பு சேர்த்து ஊற்றுவேன்.

பெரிய செஃப்கள் வந்தால்

இப்போதெல்லாம் நட்சத்திர ஹோட்டல் சமையல்காரர்கள் காசிமேட்டுக்கும் நம் கடைகளுக்கும் வருகிறார்கள். காரப்பொடி எப்படி வறுக்கிறீர்கள் என்று கேட்பார்கள். சொல்லிக் கொடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. சென்னையில் ருசி இரண்டு பக்கமும் நடக்கிறது. அண்ணா சாலை புகாரியில் பிறந்ததாகச் சொல்லப்படும் சிக்கன் 65 இன்று எங்கள் தெருத் தள்ளுவண்டியில் இருக்கிறது. பர்மாவிலிருந்து 1960-களில் வெறுங்கையோடு திரும்பிய தமிழர்கள் பீச் ஸ்டேஷன் பக்கம் கையால் பிசைந்து கொடுத்த அத்தோவை இன்று தென்சென்னைக்காரர்கள் கார் போட்டு வந்து சாப்பிடுகிறார்கள். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மேலே நொறுக்கிய பேஜோ என்ற மொறுமொறு பருப்புத் தட்டை, கூடவே வாழைத்தண்டு சூப். அவர்கள் யாரும் இந்த ஊர் நாக்குக்காக அதைச் சாம்பார் சாதமாக மாற்றவில்லை, ஊர்தான் பழகிக்கொண்டது.

செஃப் ரெஜி மேத்யூ 'கப்பா சக்கா காந்தாரி' என்ற தன் கேரள உணவகத்தைத் தொடங்கும் முன் கேரளத்தில் வீடுகளுக்கும் கள்ளுக்கடைகளுக்கும் போய்ச் சமையல் கற்றார். அவருக்கு அதற்கு ஒரு மாநிலம் சுற்ற வேண்டியிருந்தது. நீங்கள் காசிமேட்டுக் குப்பத்தில் ஒரு சந்துக்குள் நுழைந்தால் போதும். சுறாப் புட்டு வீட்டுக்கு வீடு மாறும், திருக்கைக் குழம்பு மாறும். கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். யாரிடம் கற்றீர்களோ அவர்களைக் கடைக்கு அழைத்து ஒரு வேளை சோறு போடுங்கள். அவர்கள் முகம் சுளித்தால் பலகையிலிருந்து அழித்துவிடுங்கள்.

மீன் இல்லாத நாட்கள்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது, ஃபைபர் படகும் கட்டுமரமும் கரையோரமாகப் போகும். அதனால் மீனே இல்லை என்று ஆகாது, சின்ன மீனும் குறைந்த அளவும்தான். கேரளாவில் தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் அங்கிருந்து லாரியில் மீன் வரும். ஐஸில் இருந்த மீன் அது. குழம்புக்குப் போடுங்கள், வறுவலுக்கு வேண்டாம். அது கேரளா மீன் என்பதைப் பலகையிலேயே எழுதிவிடுங்கள். கருவாட்டுத் தொக்கு, முட்டைக் குழம்பு, காய் கூட்டு இதற்கெல்லாம் அந்த நாட்களில் இடம் கொடுங்கள்.

தடை தவிர எதிர்பாராததும் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, ஆழ்கடல் மீனைக்கூட வேண்டாம் என்று ஜனங்கள் ஒதுங்கினார்கள். அந்த மாதிரி நேரத்தில் வாதாடிப் பயனில்லை. இரண்டு மாத வாடகையும் ஆள் கூலியும் கையில் இல்லாமல் மீன் கடை தொடங்காதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

ஜூன் 14 நள்ளிரவுக்கு மேல் படகுகள் கிளம்பும். மறுநாளே வஞ்சிரம் என்று எழுதிவிடாதீர்கள். ஆழ்கடல் போன படகு திரும்பப் பல நாள் ஆகும், முதலில் வருகிற மீனுக்கு ஊரே அடித்துக்கொள்ளும், விலை உச்சியில் நிற்கும். அந்த முதல் வாரத்தைக் காரப்பொடி, நெத்திலியோடு ஓட்டிவிட்டு, ஏலத்தில் குரல் கொஞ்சம் தணிந்த பிறகு பெரிய மீன் பக்கம் போங்கள்.