அந்தப் பட்டியலை இறக்கியது யார்? – என் அனுபவம்

எங்கள் வாடிக்கையாளர்கள் சிலருக்குப் போட்டி நிறுவனத்திலிருந்து போன் போக ஆரம்பித்த பிறகுதான், எங்கள் வாடிக்கையாளர் பட்டியல் வெளியே போயிருக்கிறது என்று எனக்கு உறைத்தது. எங்களை நம்பி எண் கொடுத்தவர்கள் அவர்கள். வாடிக்கையாளர் விவரங்களை நாங்கள் வைத்திருக்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் மென்பொருளில் முதலில் லாகின் ஹிஸ்டரியைப் பார்த்தேன். உள்ளே வந்தது யார் என்று அது சொல்லும். வந்தவர் எதை எடுத்தார் என்று சொல்லாது.

யார் என்ன செய்தார் என்று பதிவு செய்யும் ஈவென்ட் மானிட்டரிங் வசதி எங்களிடம் இருந்தது, யாரும் திறந்து பார்த்ததில்லை. ‘ரிப்போர்ட் எக்ஸ்போர்ட்’ வகை லாக் கோப்புகளை இறக்கி எக்செலில் போட்டேன். ரிப்போர்ட்டின் பெயர் அதில் இருக்காது. யூஆர்ஐ (பக்கத்தின் முகவரி) பத்தியில் உள்ள ஐடியை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதைவிட, நேரம்தான் என்னை அரை நாள் அலைக்கழித்தது. பதிவாவது யூடிசி நேரம், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம். மாலை 15:40 என்று நான் நினைத்தது நம் ஊரில் இரவு 9:10. அலுவலகம் பூட்டிய பிறகு! வேலையை விட்டுப் போனவரின் கணக்கு அது. முடக்காமல் விட்டது நாங்கள்.

அன்றே முடக்கினேன். ரிப்போர்ட்டை இறக்கும் அனுமதியை 3 பேருக்கு மட்டும் வைத்தேன். 2,000 வரிக்கு மேல் போனால் தடுக்கும்படி டிரான்சாக்‌ஷன் செக்யூரிட்டி பாலிசியும் போட்டாயிற்று. திங்கள்தோறும் காலையில் முதல் வேலையாக அந்த லாகை நானே உட்கார்ந்து பார்க்கிறேன்.