நடந்தால் துள்ளும் டர்ன்டேபிள்: சுவர்ப் பலகை போட்டுச் சரிசெய்தது

மரத்தளத்தில் யாராவது நடந்தாலே டர்ன்டேபிளின் (ரிக்கார்டு பிளேயர்) ஊசி துள்ளியது. முதலில் ஸ்டாண்டின் கால்களில் ஸ்பைக் (கூர்முனை உலோகக் கால்) மாட்டினேன், பலனில்லை. ஸ்பைக் ஸ்டாண்டை ஆடாமல் நிறுத்தும், ஆனால் தரையின் அசைவை அப்படியே மேலே ஏற்றிவிடும். ஸ்பாஞ்ச் வைத்ததும் இன்னும் மோசம். டோன் ஆர்மும் (ஊசியைத் தாங்கும் கை) கார்ட்ரிட்ஜும் (அதன் நுனியில் ஊசி பொருந்திய பகுதி) சேர்ந்து பெரும்பாலும் 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் அதிரும். நடை அதிர்வும் அதன் பக்கத்திலேயே விழுவதால், மெத்தென்ற அடிப்பகுதி அதைத் தடுக்காமல் பெருக்கிவிட்டது.

தரையை விட்டே தூக்கியதும்தான் தீர்ந்தது. செங்கல் சுவரில் இரண்டு கனமான இரும்பு எல் பிராக்கெட். அதன்மேல் 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டி 36 மி.மீ. ஆக்கிய பலகை. பலகைத் தடுப்புச் சுவர் உதவாது, அதுவும் தரையோடு சேர்ந்து ஆடும். பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்கச் சுவர்த் துளையில் செருகுவது) பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். பூச்சில் மட்டும் நின்றால் சீக்கிரமே தளரும். துளையிலுள்ள தூளை எடுத்த பிறகே பிளக்கைத் தட்டுங்கள். மூடி திறந்தால் சுவரில் இடிக்காதபடி பின்னால் இடம் விடுங்கள்.

ரசமட்டத்தைப் பலகையில் வைத்துப் பார்த்தால் போதாது. ரிக்கார்டு சுழலும் தட்டின் மேலேயே வைத்து, இரு திசையிலும் பாருங்கள்.

சோதனை எளிது: மோட்டாரை நிறுத்தி, அசையாத ரிக்கார்டில் ஊசியை இறக்கி, வால்யூமை மெல்லக் கூட்டி, பலகையை விரலால் தட்டுங்கள். ‘டக்’ என்று உடனே அடங்கினால் சரி. ‘தொம்ம்’ என்று இழுத்தால் ஏதோ ஒரு ஸ்க்ரூ இறுகாமல் இருக்கலாம்.